ரூம்மேட்டுக்காக எண்ணூறு பக்கம்

சாரா ஜே. மாஸ் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் எர்த் அண்ட் பிளட்’ நாவலைப் படித்து முடித்துவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ‘கிரெசென்ட் சிட்டி’ வரிசையில் முதல் நாவல் இது. 2020 மார்ச்சில், உலகமே கதவைச் சாத்திக்கொண்ட அதே மாதத்தில் வெளியானது. அச்சில் எண்ணூறு பக்கம் வரும். நான் படித்தது ஃபோனில், பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில், சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே.

இறக்கை வைத்த தேவதூதர்கள், ஓநாயாக மாறுகிறவர்கள், கொடூரமான ஒரு கொலை, மெல்ல மெல்லக் கனியும் ஒரு காதல் எல்லாம் இதில் உண்டு. கடையில் ‘ரொமான்ஸ்’ பிரிவில்தான் வைத்து விற்கிறார்கள். ஆனால் வெறும் காதல் கதை என்று யாராவது இதை உங்கள் கையில் கொடுத்தால் நம்பாதீர்கள். இது ரூம்மேட்டைப் பற்றிய நாவல். ஒரே வீட்டில் தங்கி, ஒருத்தி துணியை இன்னொருத்தி போட்டுக்கொண்டு வாழ்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி செத்துப்போனால் மற்றவள் என்ன ஆவாள்? எண்ணூறு பக்கமும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அதனால்தான் இந்த ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் ஆலைகளில் வேலை பார்த்து, ரூமைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிற நமக்கு இது நெருக்கமான புத்தகம் என்கிறேன்.

இந்த நாவல் அர்பன் ஃபேன்டஸி வகை. அது பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. ராஜா, கோட்டை, இருண்ட காடு என்று தனி உலகத்தில் நடக்கும் மாயக்கதை ஒரு வகை. இதில் மாயம் நம் தெருவுக்கே வந்துவிடும். எம்மா புல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987-இல் எழுதிய ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ மினியாபொலிஸ் நகரத்து ராக் கச்சேரிகளுக்கு நடுவே நடக்கிறது. லாரல் கே. ஹாமில்டனின் அனிடா பிளேக் 1993-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ரத்தக்காட்டேரிகளோடு மல்லுக்கட்டினாள். ஜிம் புட்சரின் மந்திரவாதி 2000-இல் சிகாகோவில் ஆபீஸ் போட்டுத் துப்பறிய ஆரம்பித்தான். இவையெல்லாம் மேப்பில் இருக்கிற ஊர்கள். மாஸின் கதை நடக்கும் லுனாதியன் கற்பனை நகரம்தான். ஆனாலும் அங்கே செல்ஃபோன் இருக்கிறது, டிராஃபிக் இருக்கிறது, சம்பளம் தரும் முதலாளியம்மாவுக்குப் பயந்து வேலைக்கு ஓடுவது இருக்கிறது. கூடவே நதிக்கு அந்தப் பக்கம், செத்தவர்கள் போய்ச் சேரும் மூடுபனித் தீவு ஒன்றும் இருக்கிறது.

இனி கதைக்குள் போகிறேன். கொலையாளி யார் என்பதைச் சொல்ல மாட்டேன். நடுவில் வரும் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும், அது இல்லாமல் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

பிரைஸ் குவின்லன் பாதி மனுஷி, பாதி ஃபே என்ற நீண்ட ஆயுள் இனம். பழம்பொருள் விற்கும் ஒரு கேலரியில் உதவியாளர் வேலை. டானிகா ஃபெண்டிர் அவளுடைய உயிர்த்தோழி, ஓநாய்க் கூட்டத் தலைமைக்கு வாரிசு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்தஸ்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஆனால் வீட்டுக்குள் அது கிடையாது. ஒரு ராத்திரி பிரைஸ் வெளியே ஆட்டம் பாட்டம் என்று இருக்கும்போது, வீட்டில் டானிகாவும் அவள் கூட்டத்தாரும் கொல்லப்படுகிறார்கள். கதை அங்கிருந்து இரண்டு வருஷம் தாவுகிறது. குற்றவாளி என்று ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டாயிற்று. ஆனால் அதே மாதிரி கொலைகள் மறுபடி நடக்கின்றன. நகரத்தை ஆளும் தேவதூதன் பிரைஸை விசாரணைக்கு உதவச் சொல்கிறான். துணைக்கு ஹண்ட் அதலார் என்பவனை அனுப்புகிறான். ஹண்ட் ஒரு புரட்சியில் தோற்று அடிமையானவன். நெற்றியைச் சுற்றி அவன் சக்தியைக் கட்டிப்போடும் பச்சைக்குத்து, மணிக்கட்டில் அடிமை முத்திரை. எஜமான் கைகாட்டும் ஆளைக் கொல்வதுதான் அவன் வேலை. ஒவ்வொரு கொலையும் அவன் விடுதலைக் கடனில் கழிக்கப்படும்.

இவர்கள் இருவருக்கும் இடையில் காதல் வருவதற்கு மாஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் அவன் எதிர்க்கூரையில் நின்று காவல் காக்கிறான். பிறகு பிரைஸ் வீட்டிலேயே தங்க வருகிறான். சமைப்பது, டிவியில் மேட்ச் பார்ப்பது, அவள் சின்ன வயசிலிருந்து வைத்திருக்கும் பொம்மைக் குதிரைகளை அவன் எடுத்துப் பார்ப்பது என்று போகிறது. கவனித்தீர்களா, இந்தக் காதலும் ரூம்மேட்டாகத்தான் தொடங்குகிறது. ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கற்றுக்கொள்வதே நேசத்தின் முதல் பாடம் என்று மாஸ் நம்புகிறார். நானும் நம்புகிறேன்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு மெசேஜ். கொலை நடந்த ராத்திரி, டானிகாவின் கூட்டத்தில் இருக்கும் கானர் என்பவன், பிரைஸ் மேல் ரொம்ப நாளாகப் பிரியம் வைத்திருப்பவன், வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தகவல் சொல்லும்படி அவளுக்கு எழுதியிருக்கிறான். அவள் வீடு வந்து சேரும்போது பதிலைப் படிக்க அவன் இல்லை. அந்த மெசேஜை அவள் அழிப்பதே இல்லை. இரண்டு வருஷம் கழித்தும் எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

இந்த ஏரியாவில் வேலை பார்க்கிற பெண்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம். ‘பி’ ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போது, அந்த வாரம் வேறு ஷிஃப்டில் இருக்கிற ரூம்மேட்டிடமிருந்து “ரூம் போயிட்டு மெசேஜ் போடுடி” என்று வரும். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை போட்டுவிட்டுப் படுப்போம். லைனில் ஃபோனுக்கு அனுமதி கிடையாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் வெளியுலகம் கிடையாது. ஷிஃப்ட் விட்டதும் முதலில் பார்ப்பது அந்த ஒரு மெசேஜைத்தான். அம்மா அப்பா திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ இருப்பார்கள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பதும் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் பக்கத்துப் படுக்கைக்காரிதான். நம் கதைகளில் அம்மாவுக்கு இடம் உண்டு, அக்கா தங்கைக்கு உண்டு, காதலனுக்கு நிறையவே உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரிக்கு யார் எண்ணூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள்?

இப்போது அந்த நடுவில் வரும் விஷயம். லுனாதியனில் இறந்தவர்களைக் கறுப்புப் படகில் வைத்து ஆற்றில் விடுவார்கள். படகு கவிழாமல் அக்கரை சேர்ந்தால் அந்த ஆன்மாவுக்கு அமைதி. கவிழ்ந்தால் தகுதியில்லை என்று பொருள், ஊரே பார்க்க அவமானம். டானிகாவின் படகு பத்திரமாகப் போய்ச் சேருகிறது. ஏன் என்பது பின்னால்தான் தெரிகிறது. பிரைஸ் முன்பே அந்தத் தீவுக்குத் தனியாகப் போய், இறந்தவர்களின் அரசனிடம் பேரம் பேசியிருக்கிறாள். தான் செத்தால் தனக்குக் கிடைக்க வேண்டிய இடத்தைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். இனி அவளுக்கு அங்கே இடமில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது பஸ் மாத்தூர் தாண்டிக்கொண்டிருந்தது. அழுதேன்.

அதைப் படித்ததும் 2021 டிசம்பர் நினைவுக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்ற சேதி மற்றவர்களுக்குச் சரியாகப் போய்ச்சேரவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை என்பது பிறகு உறுதியானது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. தொழிலாளர் போராட்டம், உலக சப்ளை சங்கிலி, ஐஃபோன் உற்பத்தி என்று பத்திரிகைகள் எழுதின. அதெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குளிரில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் முதலில் கேட்டது, என் ரூமில் இருந்தவள் எங்கே என்பதைத்தான். ஆற்றைக் கடந்து போய் அரசனிடம் தோழிக்காகப் பேரம் பேசுகிறவளை மாஸ் கற்பனை செய்திருக்கிறார். நம் நெடுஞ்சாலையில் அப்படி ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நாவலில் இன்னொரு யோசனையும் பிரமாதம். அந்த நகரம் ஓடுவது ‘முதலொளி’யால். மாய சக்தி உள்ளவர்கள் இளவயதில் ஒரு முறை தங்கள் சக்தியின் அடியாழம் வரை இறங்கி, செத்துப் பிழைத்து மேலே வர வேண்டும். அப்போதுதான் நீண்ட ஆயுள் கிடைக்கும். மேலே வரும்போது அவர்களிடமிருந்து ஒளி வெளிப்படும். அதைச் சேகரித்து நகரத்தின் மின்சாரமாக, மருந்தாக, எல்லாமாகப் பயன்படுத்துகிறார்கள். இளசுகளின் உயிர்ச்சக்தியில்தான் தெருவிளக்கு எரிகிறது! பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளின் கையிலும் கண்ணிலும் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் நிசான், ரெனோ, டைம்லர், என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. கம்பெனிகள் மாறுகின்றன. இருபது வயது மட்டும் மாறுவதில்லை, அந்த வயதில்தான் நாம் எல்லோரும் வந்து சேர்கிறோம்.

என் மனக்குறையும் இங்கேதான். இவ்வளவு அழகான யோசனையை வைத்துக்கொண்டு, அந்த ஒளியைக் குழாயில் ஏற்றுகிறவர்கள் யார், ராத்திரி ஷிஃப்டில் ஒளி சேகரிக்கும் மையத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யார் என்று மாஸ் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சாதாரண மனிதர்கள் வாழும் ஏழைப் பகுதிக்கு அஸ்ஃபோடல் மெடோஸ் என்று பெயர் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு முகம் இல்லை. கடைசி நூற்றைம்பது பக்கத்தில் நகரமே தாக்கப்படும்போது பணக்காரப் பகுதிகள் தங்கள் மாயக்கவசத்தை மூடிக்கொள்ள, பிரைஸ் அந்த ஏழைப் பகுதியை நோக்கித்தான் ஓடுகிறாள். அந்த ஓட்டத்துக்காக நிறைய மன்னிக்கலாம். முழுதாக மன்னிக்க முடியவில்லை. ஹண்ட்டின் அடிமைத்தனமும் அப்படித்தான். அவன் ஒருவன் படும் வேதனை நன்றாக வந்திருக்கிறது. அவனைப் போன்ற மற்றவர்கள் கூட்டமாகவே நின்றுவிடுகிறார்கள்.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நூறு பக்கம் கஷ்டம். நான்கு ‘இல்லங்கள்’, ஒவ்வொன்றிலும் எந்தெந்த இனம், யார் யாருக்கு மேலதிகாரி என்று பெயர்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தையும் தாராளம். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பாலிடெக்னிக். ஃபோனில் வார்த்தை மேல் விரலை அழுத்தி அர்த்தம் பார்த்துக்கொண்டே போனேன். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரைஸையும் டானிகாவையும் மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், மற்றவர்கள் தாமாக வந்து சேருவார்கள்.

தினமும் படித்ததை ராத்திரி ரூமில் சொல்வது வழக்கமாகிவிட்டது. சேத்துப்பட்டுக்கார அக்காவும் செய்யாறுப் பொண்ணும்தான் கேட்பார்கள்.

“அந்த மெசேஜ இன்னுமா வச்சிருக்கா?” என்றாள் செய்யாறுக்காரி.

“அழிக்கவே இல்லடி.”

“எப்படிக்கா அழிப்பா? அழிச்சா அவன் செத்தது நெஜமாயிடுமே.”

அக்கா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நோக்கியால என்கூட இருந்தவ நம்பர் இன்னும் என் ஃபோன்ல இருக்கு. கம்பெனி மூடுனப்புறம் எங்க போனான்னே தெரியல. கூப்புட்டா ரிங் போகாது. அழிக்க மனசு வரல” என்றார். அன்று கதை அதோடு நின்றுவிட்டது. அந்தத் தோழியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத்தான் இந்த வகைக் கதையைத் தமிழில், இந்த மண்ணில் வைத்து யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. மாஸ் நகரத்தையும் புராணத்தையும் கற்பனையாகக் கட்ட வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்குப் பழைய பெயர் பூதபுரி. சிவன் ஆடும்போது அவருடைய பூதகணங்கள் சிரித்துவிட, அவர் சபித்துத் துரத்திவிட்டார். அவை இங்கே வந்து தவம் கிடந்து, ஆதிகேசவப் பெருமாள் அருளால் சாபம் நீங்கின. நன்றியாகக் கோயிலைக் கட்டியதும் அந்தப் பூதங்கள்தான் என்கிறது தலபுராணம். அனந்தசரஸ் குளம் இன்றும் இருக்கிறது. வேலை இழந்து வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பூதங்கள்தான் இந்த ஊரின் முதல் கட்டடத் தொழிலாளர்கள்! 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர். அவர் தம் உருவச்சிலையைத் தாமே தழுவித் தம் சக்தியை அதில் இறக்கினார் என்று நம்பி இன்றும் வணங்குகிறார்கள். இதைவிட ஒரு நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்?

நம்மிடம் அமானுஷ்யக் கதைக்குப் பஞ்சமில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளும் ‘மர்மதேசம்’ தொடரும் ஒரு தலைமுறையையே போர்வைக்குள் ஒளிய வைத்தன. ஆனால் அங்கே கறுப்பு கிராமத்துக் காவல் தெய்வம், சித்தர்கள் மலையில். தமிழ்ப் பேய் நகரத்துக்கு அபூர்வமாகத்தான் வரும். 2009-இல் வந்த ‘ஈரம்’ படத்தில் சென்னை அபார்ட்மெண்ட்டுக்குத் தண்ணீர் வழியாக வந்தது, நம் சினிமாவில் எனக்கு மிகவும் பிடித்த பேய் அது. ஆலைக்குள் வந்து நான் படித்ததில்லை. நிஜத்தில் ஆலைக்குள் ஆவி வந்திருக்கிறது. மலேசியாவில் ஜப்பானிய, அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை பார்த்த கிராமத்துப் பெண்கள் லைனில் நிற்கும்போதே சாமி வந்தது போல் அலறி விழுந்ததை மானுடவியலாளர் ஐவா ஓங் ஆராய்ந்து 1987-இல் புத்தகமாக எழுதினார். அந்த மண்ணின் ஆவிகளைக் கேட்காமல் ஆலையைக் கட்டிவிட்டார்கள் என்று அந்தப் பெண்களிடையே பேச்சு இருந்தது. ஆண் மேற்பார்வைக்கும் ஓய்வில்லாத வேலைக்கும் எதிராக உடம்பு எழுப்பிய குரல் என்று ஓங் அதைப் படித்தார். இரண்டுமே ஒரு பெரிய நாவலின் விதை.

மாஸ் பதினாறு வயதில் எழுதத் தொடங்கி, இணையத்தில் இலவசமாக அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டவர். அந்தக் கதை வளர்ந்துதான் 2012-இல் ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ என்ற முதல் புத்தகமாக வந்தது. நம் விடுதிகளிலும் அந்த வயதுக்காரிகள் பிரதிலிபியில் இரவு இரண்டு மணிக்கு அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ரத்தக்காட்டேரி நாயகன், ஓநாய் நாயகன் எல்லாம் தமிழிலேயே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் கோடீஸ்வரர்களாகவே இருக்கிறார்கள், பங்களாவிலேயே வாழ்கிறார்கள். நாயகிக்கு ஒரு ரூம்மேட் இருப்பதில்லை.

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதியை 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். 13 கட்டடங்கள், 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேரில் எழுதத் தெரிந்தவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் பூதம் ‘சி’ ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறட்டும். அனந்தசரஸிலிருந்து எழுந்து வந்த ஒன்று ஏசி ஹாலில் ஆண்டிஸ்டேடிக் கோட் போட்டு உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். காதலும் வரட்டும், அவசரப்படுத்த வேண்டாம். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரியை முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவந்து விடுங்கள், கடைசி வரை விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்தால் எனக்கு அனுப்புங்கள். எங்கள் ரூமில் உரக்கப் படிப்போம்.